"பாவம்" என்றால் என்ன, அம்மா?

என் மகளுக்கு அப்போது நாலரை வயது. தோழி வீட்டில் விளையாடிவிட்டு வந்தவளின் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பொம்மைக் கார் விழுந்தது. விரல் நீளம்கூட இருக்காது. ஒரு சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. "இது யாருது?" என்றேன். "என்னுது." "எப்ப வாங்கினோம்?" பதில் இல்லை. காரைக் காலாலேயே மெல்ல நகர்த்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் பார்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா ஒரே வரியில் வழக்கை முடித்தார். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திடும், தெரியும்ல?"

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, யோசித்தாள். பிறகு கேட்டாள்: "சாமி எப்ப பாட்டி தூங்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராத்திரி படுத்த பிறகுதான் அந்தக் கேள்வியில் இருந்த கணக்கு உறைத்தது. கார் யாருடையது, அதைக் காணோம் என்று அந்தப் பிள்ளை தேடிக்கொண்டிருக்குமா என்பதெல்லாம் அந்த நிமிடம் இவள் மண்டைக்குள் வரவே இல்லை. காவல்காரர் எப்போது கண் அசருவார் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மறுநாள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நீயும் இதைக் கேட்டுத்தானே வளர்ந்த? கெட்டா போயிட்ட?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்ப் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல், இரண்டு பாடம்

தமிழில் "பாவம்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். எறும்பை மிதித்தால் பாவம் என்கிறோம். அங்கே அது குற்றம். எங்கோ ஒரு ஏட்டில் நம் பெயருக்கு எதிரே ஏறிவிடுகிறது. கீழே விழுந்து முட்டி தேய்ந்த பிள்ளையைப் பார்த்தும் "ஐயோ பாவம்" என்கிறோம். இங்கே அது இரக்கம். எழுத்தும் ஒன்றுதான், காதில் விழுவதும் ஒன்றுதான். கார் சம்பவத்துக்கு முன்பே ஒருநாள் மகள் குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறாள்: "பாவம்னா என்னம்மா? திட்டா, அழுகையா?"

நல்லது கெட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழிகளை உரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டு பாவத்தில் ஒன்றில் போய் நிற்கும். முதல் பாவம் "யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்க வைக்கிறது. இரண்டாவது, "யாருக்கு வலிக்கிறது?" என்று கேட்க வைக்கிறது. சாமி உள்ள வீடா இல்லாத வீடா என்பதைவிட, அந்த வீட்டில் எந்தக் கேள்வி அதிகம் புழங்குகிறது என்பதுதான் பிள்ளையின் குணத்தில் பிடிக்கும் என்பது என் கட்சி. விளக்கேற்றிக் கும்பிடும் வீட்டில் இரண்டாவது பாவம் தாராளமாக ஓடலாம். கடவுளே வேண்டாம் என்று சொல்லும் வீட்டில் முதல் பாவம் போலீஸ், டீச்சர், "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று வேறு வேறு வேஷத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

மதம் இல்லாமல் அறம் நிற்குமா என்ற கேள்விக்குச் சுமார் 2400 வயது. பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில், யூதிஃப்ரோ என்பவரைப் பிடித்துக்கொண்டு சாக்ரடீஸ் கேட்கிறார்: ஒரு செயல் புனிதமானது என்பதால் தெய்வங்களுக்குப் பிடிக்கிறதா, தெய்வங்களுக்குப் பிடித்திருப்பதால் அது புனிதமாகிறதா? யூதிஃப்ரோ சுற்றிச் சுற்றி வருகிறார். கடைசியில் அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்.

பெரியவர் நழுவிய இடத்தில் பிள்ளைகள் நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லாரி நூச்சி, 1980களில் அமிஷ், மென்னனைட் என்ற கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்தவப் பிரிவுகளைச் சேர்ந்த, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் பேசினார். பிறகு எலியட் டூரியலுடன் சேர்ந்து, மரபு வழுவாத யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடமும் பேசி 1993இல் வெளியிட்டார். ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்று வேதத்தில் இல்லாமல் போயிருந்தால் செய்யலாமா? செய்யலாம் என்றார்கள் பெரும்பாலானோர். சரி, திருடாதே என்று இல்லாமல் போயிருந்தால் திருடலாமா? அப்போதும் கூடாது என்றார்கள். அடுத்தவருக்கு நஷ்டமாயிற்றே என்பது அவர்கள் சொன்ன காரணம். கடவுளே திருடச் சொன்னால்? கடவுள் நல்லவர், அவர் எப்படி அதைச் சொல்வார் என்று சிலர் திருப்பிக் கேட்டார்கள். பக்தியில் ஊறிய வீட்டுப் பிள்ளைகள்தான் இவர்கள். கடவுளை விட்டுக்கொடுக்காமலே, திருட்டு ஏன் தவறு என்பதற்கான காரணத்தைத் திருட்டுக் கொடுத்தவரிடம் போய்த் தேடியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பத்து வயதுக்கு மேல் வரும் விவரம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1981இல் ஜூடித் ஸ்மெட்டானா இரண்டரை முதல் ஐந்து வயது வரை உள்ள சின்னஞ்சிறுசுகளிடம் இரண்டு விதமான தவறுகளைக் காட்டினார். ஒன்று, அடிப்பது, தள்ளிவிடுவது போன்றவை. இன்னொன்று, கதை நேரத்தில் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராதது போன்றவை. இப்படி ஒரு விதியே இல்லாத பள்ளியாக இருந்தால் செய்யலாமா என்று கேட்டதற்கு, இரண்டாவது வகைக்குத் தலையாட்டிய பிள்ளைகள் அடிப்பதற்கு அவ்வளவு சுலபமாகத் தலையாட்டவில்லை. ஊர்வழக்கம் வேறு, அடுத்தவருக்கு நோவது வேறு என்ற கோடு அந்த வயதிலேயே மங்கலாகத் தெரிந்துவிடுகிறது.

அந்தக் கோட்டை அழிப்பவர்கள் நாம்தான். செருப்பைக் கோணலாக விட்டால் தப்பு, சத்தமாகச் சிரித்தால் தப்பு, தம்பியைக் கிள்ளினால் தப்பு, கும்பிடாமல் ஓடினால் தப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல், ஒரே குரல், ஒரே முறைப்பு. நான் இதை ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்த "தப்பு"களில் நாலில் ஒன்றுகூட இன்னொருவரை நோகடிக்கும் விஷயமாக இல்லை. பிறகு சொல்லை மாற்றினேன். வழக்கத்துக்கு "நம்ம வீட்ல இப்படித்தான்" என்று சொல்லிவிடுவது. "தப்பு" என்பதை யாருக்காவது வலிக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது. சின்ன மாற்றம்தான். ஆனால் அடுத்த வீட்டில் வேறு மாதிரிக் கும்பிடுகிறவர்களையும் கும்பிடாதவர்களையும் பார்த்து "அவங்க கெட்டவங்களா?" என்று பிள்ளை கேட்கும்போது கை கொடுப்பது இதுதான். அது அவர்கள் வீட்டு வழக்கம் என்று சொன்னால் போதும், பிள்ளைக்கு அந்தப் பெட்டி ஏற்கெனவே பழக்கம்.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே 1932இல் எழுதியதையும் சொல்ல வேண்டும். கதவுக்குப் பின்னால் தட்டு இருப்பது தெரியாமல் திறந்து 15 கோப்பைகளை உடைத்த பையன் ஒருவன்; யாரும் இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க ஏறி ஒரு கோப்பையை உடைத்தவன் இன்னொருவன். யார் அதிகம் கெட்டவன்? சின்னப் பிள்ளைகள் பலர் 15 உடைத்தவனைத்தான் காட்டினார்கள். பிற்கால ஆய்வுகள், எண்ணத்தைப் பார்க்கும் திறன் பியாஜே சொன்னதைவிடச் சீக்கிரமே வருகிறது என்று திருத்தியிருக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன்? விலை கூடிய சாமான் உடைந்தால் நமக்கு வரும் கோபமும், பிளாஸ்டிக் டம்ளர் விழுந்தால் வரும் கோபமும் ஒன்றா? உடைத்த விதம் ஒன்றே என்றாலும்!

பார்க்கிறவர் இருந்தால்

சாமி கண்ணைக் குத்தும் என்பது வேலை செய்யுமா? செய்யும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. 2011இல் ஜாரெட் பியாஸா, ஜெஸ்ஸி பெரிங், கோர்டன் இங்ராம் மூவரும் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு கொடுத்தார்கள். பந்தை எறிய வேண்டும், விதிகள் கடுமையானவை, ஏமாற்றாமல் ஜெயிப்பது கஷ்டம். சில பிள்ளைகளிடம், அங்கே காலியாக இருக்கும் நாற்காலியில் கண்ணுக்குத் தெரியாத இளவரசி ஆலிஸ் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். அதை நம்பிய பிள்ளைகள், ஒரு பெரியவர் நிஜமாகவே அறையில் இருந்தால் எவ்வளவு அடங்கி இருப்பார்களோ கிட்டத்தட்ட அவ்வளவு அடங்கி இருந்தார்கள்.

ஆக, பாட்டியின் ஆயுதம் பழுதானது இல்லை. அது நாற்காலியில் ஆள் இருக்கும்வரைதான் செல்லும், அவ்வளவே. நம்புகிற வயது போனதும், அல்லது என் மகளைப் போல நாலரை வயதிலேயே தூங்கும் நேரத்தை விசாரித்ததும், அது ஓட்டையாகிவிடுகிறது. 1955 ஜனவரியில் பிரிட்டனில் இதே பேச்சு ஒரு பெரிய ரகளையைக் கிளப்பியது. அபர்டீன் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த மார்கரெட் நைட், பிபிசி வானொலியில், மதம் இல்லாமல் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிப்பது பற்றிப் பேசினார். ஒழுக்கத்தை முழுக்க மதத்தின் மேல் கட்டினால், பிற்பாடு நம்பிக்கை ஆடும்போது ஒழுக்கமும் சேர்ந்து ஆடும் என்பது அவர் வாதத்தின் சாரம். பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்தன. அவர் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. கட்டடம் ஆடுவது மதத்தால் என்பதைவிட, அதில் பயத்தை மட்டும் கலவையாகப் போட்டதால் என்றுதான் நான் சொல்வேன்.

பயத்தின் விளைவை இன்னும் நேராகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் படிக்கும் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் சின்னத் தவறுக்கும் அடி. இன்னொன்றில் கண்டிப்பு உண்டு, அடி இல்லை. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலானோர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வயதில் வேறென்ன செய்வார்கள்? வித்தியாசம் அதன் பிறகுதான். அடி வாங்கும் பள்ளியில் திரும்பிப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே பொய் சொன்னார்கள். மற்றப் பள்ளியில் பாதிக்குச் சற்றே கூடுதலானவர்கள் சொன்னார்கள். அதைவிட முக்கியம், அடி வாங்கும் பள்ளிப் பிள்ளைகள் திறமையாகப் பொய் சொன்னார்கள். பின்னால் என்ன பொம்மை இருக்கும் என்று கொக்கி போட்டுக் கேட்டாலும் மாட்டிக்கொள்ளாமல் சமாளித்தார்கள். 2011இல் வெளியான இந்த முடிவைப் படித்த அன்று என் அம்மாவின் கேள்விக்கு அரைப் பதில் கிடைத்தது. கெட்டுப் போகவில்லை அம்மா, ஆனால் உங்களிடம் எதையெல்லாம் மறைக்கக் கற்றுக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று, நான்கு வயதில் பிள்ளை முதல்முதலாகப் பொய் சொல்வது குணக்கேட்டின் அறிகுறி இல்லை. எனக்குத் தெரிவது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற விவரம் மூளையில் திறக்கும் வயது அது. அந்த விவரம் இருந்தால்தான் பின்னால் அடுத்தவர் மனசையும் புரிந்துகொள்ள முடியும். ஒரே கதவு வழியாகத்தான் பொய்யும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

யாருக்கு வலிக்கிறது

மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர், பெற்றோர் பிள்ளையைத் திருத்தும் வழிகளை மூன்றாகப் பிரித்தார். அதிகாரத்தைக் காட்டுவது ஒன்று. "போ, உன்கூடப் பேசமாட்டேன்" என்று அன்பைத் திரும்பப் பிடுங்குவது இரண்டாவது. நீ செய்தது அவனுக்கு என்ன ஆயிற்று பார் என்று சுட்டிக் காட்டுவது மூன்றாவது. பிள்ளையின் மனசாட்சியோடு நன்றாக ஒட்டிப் போவது மூன்றாவதுதான் என்று அவர் பல பத்தாண்டு வாதாடினார். என் அனுபவத்தில் இரண்டாவது வழிதான் மிக மோசம், அதைத்தான் நாம் அன்பு என்று பெயர் வைத்து அதிகம் பயன்படுத்துகிறோம்.

சுட்டிக் காட்டுவதிலும் பக்குவம் இருக்கிறது. 1979இல் கரோலின் ஸான்-வாக்ஸ்லரும் மற்றவர்களும் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளின் அம்மாக்களைக் குறிப்பெடுக்கச் சொல்லி ஆராய்ந்தார்கள். "வேண்டாம், நிறுத்து" என்று காரணம் சொல்லாமல் தடுப்பது பெரிதாக உதவவில்லை. உணர்ச்சியோடு, "பாரு, அவளுக்கு வலிக்குது, நீ முடியை இழுத்தே" என்று சொன்ன அம்மாக்களின் குழந்தைகள்தான் அதிகம் போய்த் தடவிக்கொடுத்தார்கள், பொம்மையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பொறுமையான பெற்றோர் என்றால் எப்போதும் குளிர்ந்த குரலில் பேச வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு எண்ணம் வந்திருக்கிறது. இன்னொரு பிள்ளைக்கு நொந்திருக்கிறது என்பது நம் குரலில் தெரியத்தான் வேண்டும்.

சிவப்புக் காருக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் நான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து அதை எடுத்தேன். அவள் மடியில் வைத்தேன். "இதுல ஒரு சக்கரம் ஆடுது பாரு. நிறைய ஓட்டியிருக்காங்க போல. ரொம்பப் பிடிச்ச கார் போல" என்றேன். பேசவில்லை. சக்கரத்தைச் சுற்றினாள். "இப்ப அவ தேடிட்டு இருப்பாளா?" என்று அவளே கேட்டாள். தெரியலையே என்றேன். "உன் முயல் பொம்மை காணாம போனப்ப நீ என்ன செஞ்ச?" அழுதது நினைவு வந்திருக்க வேண்டும், உதடு பிதுங்கியது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் துடித்தது, அது வேறு.

மறுநாள் இருவரும் நடந்தே போனோம். வாசலில் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கையை மட்டும் நீட்டிக் காரைக் கொடுத்தாள். மன்னிப்புக் கேள் என்று நான் தள்ளவில்லை. அந்தத் தோழி, கார் காணாமல் போனதையே கவனிக்கவில்லை. "ஹை, இது எங்க இருந்துச்சு?" என்று வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். இவ்வளவு பெரிய நாடகத்துக்கு இப்படி ஒரு முடிவு! ஆனால் திரும்பி வரும் வழி முழுக்க என் மகள் துள்ளிக்கொண்டே வந்தாள். பரிசாக எதையாவது வாங்கிக் கொடுக்கலாமா என்று எனக்கே தோன்றியது. கொடுக்கவில்லை. பெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் தோமசெல்லோவும் 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தது நினைவில் இருந்தது: உதவியதற்குப் பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பின்னால் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக உதவினார்கள்.

குழந்தைகள் பிறக்கும்போதே நல்லவர்களா என்ற கேள்வியை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். பொம்மை நாடகம் காட்டினால், பேச்சு வராத குழந்தைகள்கூடத் தடுக்கும் பொம்மையை விட்டு உதவும் பொம்மையைத்தான் தொடுகின்றன என்று 2007இல் வந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பிறகு 37 ஆய்வகங்கள் சேர்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து அதே சோதனையைச் செய்தபோது அந்தச் சாய்வு தெரியவில்லை. விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் நாம் செய்ய வேண்டியது அதைப் பொறுத்து மாறப்போவதில்லை.

எந்த வீட்டுப் பிள்ளை நல்ல பிள்ளை?

மதம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் கையில் ஏந்தி வரும் ஆய்வு ஒன்றின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2015இல் ழான் டெசெட்டியும் உடன் ஆய்வாளர்களும் கனடா, சீனா, ஜோர்டான், துருக்கி, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று ஆறு நாடுகளில் 1,170 பிள்ளைகளைச் சோதித்து, மதப்பற்றுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் ஸ்டிக்கர்களைக் குறைவாகப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று எழுதினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பறந்தது. மதம் வேண்டாத வீடுகளில் கைதட்டல். பிறகு அசீம் ஷெரிஃப் என்ற ஆய்வாளர் அதே தரவை வாங்கிப் பார்த்தார். நாடுகளுக்கு 1, 2, 3 என்று அடையாள எண் கொடுத்திருந்தார்கள். கணக்குப் போடும்போது அந்த எண்களையே அளவு போல எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாடு இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு என்கிற மாதிரி! அதைச் சரிசெய்ததும், வித்தியாசத்தில் பெரும்பகுதி மதத்தால் வந்ததில்லை, நாட்டுக்கு நாடு இருக்கும் வேறுபாடு என்று தெரிந்தது. 2019இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முதல் செய்தி ஓடிய வேகத்தில் இரண்டாவது ஓடவில்லை. இன்றும் அதை மேற்கோள் காட்டுபவர்களைப் பார்க்கிறேன்.

மதம் வேண்டும் என்பவர்களுக்குக் கசக்கும் பழைய ஆய்வும் ஒன்று இருக்கிறது. 1920களில் ஹியூ ஹார்ட்ஷோர்னும் மார்க் மேயும் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 11 ஆயிரம் பிள்ளைகளுக்கு ஏமாற்றவும் பொய் சொல்லவும் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சோதனையில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னொன்றில் ஏமாற்றியது. எது சரி என்று நன்றாகத் தெரிந்திருப்பதற்கும் அதன்படி நடப்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு. ஞாயிறு வேத வகுப்புக்கு ஒழுங்காகப் போனதும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

அப்படியானால் மதம் வீட்டில் எதுவுமே தருவதில்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். பயமுறுத்தலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அது தயாராகக் கொண்டுவந்து தரும் சில பொருள்கள் உண்டு. நாள் தவறாமல் ஒரு நிமிடம் அமைதியாக உட்காரும் பழக்கம். நன்றி சொல்ல ஒரு நேரம். தவறு செய்தவன் திரும்பி வர ஒரு வாசல். சொந்தக்காரர் அல்லாதவருக்கும் கொடுப்பதற்கு ஒரு காரணம். பல வயதுக்காரர்கள் ஒரே இடத்தில் கூடும் வாய்ப்பு. மதமில்லாத வீட்டில் இவை தானாக வராது, கையால் செய்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த கடவுள் மறுப்பாளர் வீடுகள் சிலவற்றில் சாமி படத்தை எடுத்தார்கள், அந்தச் சுவர் இன்னும் காலியாகவே இருக்கிறது. "நாங்க எதையும் திணிக்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டு எதையுமே சொல்லாமல் விட்டுவிடுவது சுதந்திரம் ஆகாது. பிள்ளை அந்த வெற்றிடத்தைக் கையில் கிடைக்கும் திரையிலிருந்து நிரப்பிக்கொள்ளும்.

கணவன் கும்பிடுபவர், மனைவி கும்பிடாதவர் என்றால்? அல்லது இடையில் பாட்டி என்றால்? பிரான்சில் 1882இல் பள்ளிகளில் மதக் கல்வியை எடுத்துவிட்டு அறநெறிப் பாடம் வைத்தபோது, அமைச்சர் ஜூல் ஃபெரி அடுத்த ஆண்டு ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் சொல்லப்போவதை வகுப்பில் உட்கார்ந்து கேட்கும் எந்த ஒரு தகப்பனாவது நல்ல மனதோடு மறுக்கக்கூடுமா என்று கேட்டுப் பாருங்கள். மறுக்கக்கூடும் என்றால் சொல்லாதீர்கள் என்றார். பள்ளிக்குச் சொன்னதுதான், வீட்டுக்கும் பாதி பொருந்துகிறது. நானும் அம்மாவும் பிள்ளைக்கு முன்னால் எதில் கைகோத்து நிற்க முடியும் என்று பார்த்தால், பட்டியல் எதிர்பார்த்ததைவிட நீளம். மற்றதில் "பாட்டி அப்படி நம்பறாங்க, நான் அப்படி நினைக்கல" என்று இருவரும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறோம். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, எண்ணம், மனசாட்சி, மதம் மூன்றிலும் குழந்தைக்குச் சுதந்திரம் உண்டு என்கிறது. வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டு, அது பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது.

கதைகள் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எல்லா வீட்டிலும் அறப்பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. காங் லீயின் குழு 2014இல் மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு வெவ்வேறு கதைகளைப் படித்துக் காட்டிவிட்டு, உண்மை சொல்கிறார்களா என்று பார்த்தது. பொய் சொல்லி மூக்கு நீண்ட பினோக்கியோ கதையாலும், புலி வருது கதையைப் போல ஓநாய் வருகிறது என்று கத்தி ஏமாற்றிய பையன் கதையாலும் பலன் தெரியவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதை கேட்ட பிள்ளைகள்தான் அதிகம் உண்மை சொன்னார்கள். அதே கதையில் வாஷிங்டன் பொய் சொல்லித் தண்டனை வாங்குவதாக மாற்றியதும் பலன் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செர்ரி மரக் கதையே வாஷிங்டனின் வரலாற்றை எழுதிய வீம்ஸ் என்பவர் இட்டுக்கட்டியது. நம் கதைகளில் எத்தனை பேர் தவறு செய்து கெட்டார்கள், எத்தனை பேர் தவறை ஒப்புக்கொண்டு நிம்மதியானார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். முதல் கூட்டம்தான் பெரியது.

கதையைவிடப் பெரிய புத்தகம் நாம்தான். 1970 வாக்கில் ஜேம்ஸ் பிரையனும் நான்சி வால்பெக்கும் செய்த சோதனையில், கொடுக்க வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருந்த பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் அச்சு அசலாக அதையே செய்தார்கள்: கொடுப்பது நல்லது என்று பேசினார்கள், கொடுக்கவில்லை. 2014இல் செல்சி ஹேஸும் லெஸ்லி கார்வரும் காட்டியது இன்னும் கூர்மை. அடுத்த அறையில் மிட்டாய் இருக்கிறது என்று ஆசைகாட்டி அழைத்து வந்து, பிறகு சும்மா சொன்னேன் என்று ஒப்புக்கொண்ட பெரியவரிடம், பள்ளி வயதுப் பிள்ளைகள் அதிகம் பொய் சொன்னார்கள். ஊசி வலிக்காது, நாளைக்குக் கூட்டிப்போறேன், அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு. நம் ஒரு நாளைக் கணக்கெடுத்தால் முகம் கொடுக்க முடியாது.

சில மாதம் கழித்து என் அம்மாவின் மூக்குக் கண்ணாடியை மகள் விளையாட்டுக்கு ஒளித்து வைத்தாள். அம்மா மேசையைத் தடவினார், தலையணையைத் தூக்கினார், கையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். மகள் கதவு இடுக்கில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் காதில் கோணலாக மாட்டிவிட்டாள். "பாட்டிக்குக் கண்ணே தெரியலம்மா, பாவம்" என்றாள் என்னிடம். அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரியே பல் தேய்த்துவிட்டேன் என்றாள். போய்ப் பார்த்தேன். பிரஷ் காய்ந்து கிடந்தது.